புது கோச் வந்தால் தோற்கும் அணி மாறுமா? கேரளா பிளாஸ்டர்ஸின் 12+12 ஆட்டங்கள் சொல்வது என்ன?

மறையூரில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளா. வடக்கே சின்னாறு காட்டைத் தாண்டினால் உடுமலைப்பேட்டை, தெற்கே மூணாறு வழியாக மலை இறங்கினால் கொச்சி. அப்படியென்றால் எந்த ஜெர்சி? மஞ்சளா, நீலமா?

2025 ஜனவரி 30 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில் அந்த மஞ்சளும் நீலமும் மோதின. கேரளா பிளாஸ்டர்ஸ் 3-1 என்று சென்னையின் எஃப்சியை வென்றது. ஆறு வாரத்துக்கு முன் 'இந்த டீம் அவ்ளோதான்' என்று சொந்த ரசிகர்களே கைகழுவிய அணி அது. டக்-அவுட்டில் நின்றவர் பெரிய வெளிநாட்டுப் பெயர் எதுவும் இல்லை. டி.ஜி. புருஷோத்தமன், இடைக்காலப் பயிற்சியாளர். ஐஎஸ்எல்லில் தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு அதற்கு முன் அனுபவம் கிடையாது.

'புது ஆள் வந்தார், அணி மாறிவிட்டது' என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எண்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. சொல்லப்போனால் அதைவிடச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

முதலில், என்ன நடந்தது?

2024 ஏப்ரலில், மூன்று சீசனும் பிளே-ஆஃப் வரை அழைத்துச் சென்ற செர்பியப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் பிளாஸ்டர்ஸை விட்டு விலகினார். அடுத்த மாதம் ஸ்வீடனைச் சேர்ந்த மிக்கேல் ஸ்டாரே வந்தார். பல நாடுகளில் அணிகளை நடத்திய அனுபவசாலி.

செப்டம்பரில் சீசன் தொடங்கியது. அணி கோல் அடித்தது, ஆனால் அடித்ததைவிட அதிகமாக வாங்கியது. பெங்களூருவிடம் 1-3, மும்பையிடம் 2-4, மறுபடி பெங்களூருவிடம் 2-4. டிசம்பர் 14 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 2-3. இரண்டு நாள் கழித்து ஸ்டாரேவும் அவருடைய உதவியாளர்களும் நீக்கப்பட்டார்கள். ரசிகர் அமைப்பான மஞ்ஞப்படாவின் கோபம் ஸ்டாரேவோடு நிற்கவில்லை, நிர்வாகத்தின் மேலேயே திரும்பியிருந்தது. டிக்கெட் வாங்கமாட்டோம் என்று அறிவிக்கும் அளவுக்கு.

அணியை யார் பார்ப்பது? ரிசர்வ் அணியின் பயிற்சியாளராகவும் இளையோர் பிரிவின் தலைவராகவும் இருந்த தோமாஷ் டோர்ஸ், உதவிப் பயிற்சியாளராக இருந்த புருஷோத்தமன். வெளியே இருந்து யாரும் வரவில்லை. உள்ளே இருந்தவர்களிடமே 'கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க' என்று கொடுத்தார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் இது நடந்திருக்கும். மேனேஜர் திடீரென்று போய்விடுவார். 'அடுத்த ஆள் வரும்வரை நீங்க லீட் பண்ணுங்க' என்பார்கள். சம்பளம் அதே, டீம் அதே, டெட்லைன் மட்டும் நேற்றே முடிந்திருக்கும்.

சீசன் சரிபாதியாக உடைந்தது

எங்களைப் போல டேட்டா பார்ப்பவர்களுக்கு இது அபூர்வமான அதிர்ஷ்டம். லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 24 ஆட்டங்கள். ஸ்டாரே நீக்கப்பட்டது சரியாக 12-வது ஆட்டத்துக்குப் பிறகு. ஆக ஒரே அணி, ஏறக்குறைய அதே வீரர்கள், இரண்டு சம பாதிகள்.

ஸ்டாரேயின் 12 ஆட்டங்கள்: 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி. 11 புள்ளி. அடித்த கோல் 19, வாங்கிய கோல் 24.

இடைக்கால ஜோடியின் 12 ஆட்டங்கள்: 5 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. 18 புள்ளி. அடித்த கோல் 14, வாங்கிய கோல் 13.

எங்கே மாற்றம் நடந்தது என்று இந்த இரண்டு வரிகளிலேயே தெரிகிறது. கவனித்தீர்களா, அடித்த கோல் குறைந்திருக்கிறது. 19-லிருந்து 14. தாக்குதல் கூர்மையானதால் புள்ளி ஏறவில்லை. வாங்கிய கோல் கிட்டத்தட்ட பாதியானதால் ஏறியது. முதல் பாதியில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் பிளாஸ்டர்ஸ் கோல் வாங்காமல் இருந்தது. இரண்டாம் பாதியில் நான்கு.

18 புள்ளி என்பதன் அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. அதே வேகத்தில் சீசன் முழுக்க ஆடியிருந்தால் 36 புள்ளி வரும். அந்த ஆண்டு ஆறாவது இடத்தோடு கடைசி பிளே-ஆஃப் சீட்டைப் பிடித்த மும்பை சிட்டி எடுத்தது 36. முதல் பாதி வேகத்திலேயே போயிருந்தால் 22. 13 அணிகள் கொண்ட லீக்கில் அது பதினோராவது இடத்துக்கான மதிப்பெண். உண்மையில் முடிந்தது 29 புள்ளியுடன் எட்டாவது இடத்தில்.

'எதிரணி சுலபமாக இருந்திருக்கும்' என்பவர்களுக்கு

நியாயமான சந்தேகம். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அதனால் எதிரணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

இரண்டு பாதியிலும் பத்து அணிகள் பொதுவாக வருகின்றன. பஞ்சாப், ஈஸ்ட் பெங்கால், நார்த்ஈஸ்ட், ஒடிசா, முகமதன், மும்பை, ஹைதராபாத், சென்னை, கோவா, மோகன் பகான். வித்தியாசம் ஒன்றுதான். முதல் பாதியில் பெங்களூருவை இரண்டு முறை சந்தித்தார்கள், இரண்டாம் பாதியில் அந்த இடத்தில் ஜாம்ஷெட்பூர். சொந்த மைதானத்தில் 6, வெளியில் 6 என்பதும் இரண்டு பாதிக்கும் பொது.

அந்தப் பத்து அணிகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால், ஸ்டாரே காலத்தில் 11 புள்ளி, இடைக்காலத்தில் 17. வாங்கிய கோல் 17-லிருந்து 11. அடித்தது 16-லிருந்து 13.

முன்னேற்றம் நிஜம்தான், ஆனால் மொத்தக் கணக்கு காட்டிய அளவுக்குப் பெரிதில்லை. கோல் வாங்கியதில் குறைந்த 11-ல் கிட்டத்தட்ட பாதி, பெங்களூருவை மறுபடி பார்க்க வேண்டியில்லை என்பதால் வந்தது. பெங்களூரு இரண்டு ஆட்டத்தில் 7 கோல் போட்டது, ஜாம்ஷெட்பூர் இரண்டு ஆட்டத்தில் 2. ஆளை மாற்றியதன் பலனையும் கால அட்டவணையின் பலனையும் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் மாலை போடக்கூடாது. திட்டவும் கூடாது.

அனுபவம் இல்லாதவர் செய்தது என்ன?

புது மேனேஜர்கள் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டவேண்டும் என்ற அவசரம். புதிய ஃபார்மேஷன், புதிய ஸ்டைல், புதிய கேப்டன். பாதி சீசனில் பொறுப்பேற்பவருக்கு அதற்கு நேரமே கிடையாது. வாரம் ஒரு ஆட்டம், நடுவில் விமானப் பயணம், ரெக்கவரி. உருப்படியாகப் பயிற்சி நடத்த இரண்டு மூன்று நாள் கிடைத்தாலே அதிகம்.

அதனால் அனுபவமில்லாத பயிற்சியாளர் முதலில் தொடவேண்டியது தற்காப்பு. கோல் அடிப்பதற்கு வீரர்களிடையே மாதக்கணக்கில் பழகிய புரிதல் வேண்டும். கோல் வாங்காமல் இருக்க இவ்வளவு தேவையில்லை. லைன்களுக்கு நடுவே இடைவெளி குறைய வேண்டும், பந்தை இழந்தவுடன் யார் எங்கே நிற்பது என்பது தெளிவாக இருக்க வேண்டும், ஃபுல்பேக் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே ஓடக்கூடாது. ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்து அடுத்த ஆட்டத்திலேயே சரிபார்க்கக்கூடிய விஷயங்கள்.

இதற்கு மிகச் சரியான சாட்சி 2025 ஜனவரி 5, டெல்லியில் பஞ்சாபுக்கு எதிரான ஆட்டம். நோவா சதாவி பெனால்டியில் ஒரு கோல் போட்டார். அதன்பின் இரண்டு பிளாஸ்டர்ஸ் வீரர்களுக்குச் சிவப்பு அட்டை. 11 பேர் 10 ஆகி, 9 ஆனார்கள். கடைசிவரை அந்த 1-0 உடையவில்லை. ஒரு மாதத்துக்கு முன் 11 பேருடன் ஆடியே நான்கு கோல் வாங்கிய அணி அது! ஜனவரி 18 அன்று நார்த்ஈஸ்ட்டுடன் மறுபடி ஒரு சிவப்பு அட்டை. சுமார் ஒரு மணி நேரம் 10 பேருடன் ஆடி 0-0 டிரா.

(சிவப்பு அட்டை வாங்குவதும் ஒரு குறைதான், அதையும் கணக்கில் வையுங்கள். ஒழுங்கு வந்தது, பதற்றம் போகவில்லை.)

நடுவில் ஜனவரி 13 கொச்சியில் ஒடிசாவுக்கு எதிராக 3-2. கூடுதல் நேரத்தில் நோவா அடித்த கோலில் வெற்றி. சென்னையில் நடந்த 3-1 ஆட்டத்தில் ஒரு கோல் கோரோ சிங்குடையது. மணிப்பூர் பையன், அப்போது வயது 18.

வீரர்களைத் தெரிந்தவர் பொறுப்புக்கு வருவதில் ஒரு லாபம் இருக்கிறது. யாருக்கு முழங்காலில் வலி, யார் திட்டினால் சுருங்கிவிடுவார், அகாடமியில் எந்தப் பையன் தயார் என்பதெல்லாம் அவர் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. வெளியில் இருந்து வரும் பெரிய பெயருக்கு இதைப் புரிந்துகொள்ளவே ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும்.

தேன்நிலவு எப்போது முடிந்தது?

அந்த 12 ஆட்டங்களையும் ஒரே குவியலாகப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள். முதல் 7 ஆட்டத்தில் 13 புள்ளி. அடுத்த 5 ஆட்டத்தில் 5 புள்ளி. முதல் ஏழில் வாங்கிய கோல் 6, கடைசி ஐந்தில் 7.

சென்னையை வென்ற பிறகு பிப்ரவரி 15-ல் மோகன் பகானிடம் கொச்சியில் 0-3, 22-ல் கோவாவிடம் 0-2. அந்த சீசனின் முதல் இரண்டு இடத்தைப் பிடித்த அணிகள் இவைதான், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மார்ச் 1 அன்று ஜாம்ஷெட்பூருடன் கொச்சியில் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் கடைசி நிமிடங்களில் 1-1 ஆனது. பிளே-ஆஃப் கதவு அன்றோடு மூடியது.

உலகம் முழுக்க இது தெரிந்த கதை. புது பயிற்சியாளர் வந்ததும் ஒரு துள்ளல் வரும். பிறகு அணி தன் உண்மையான தரத்துக்கே இறங்கிவிடும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் அந்த நாட்டு லீக்கின் ஏறத்தாழ 20 ஆண்டு முடிவுகளை எடுத்து இதை ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் முன்னேறின, உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காமல் வைத்திருந்த அணிகளும் கிட்டத்தட்ட அதே போல முன்னேறின.

ஏன் அப்படி? வழக்கமாக 70 மார்க் எடுக்கும் மாணவன் ஒரு தேர்வில் 40 எடுத்தால், டியூஷன் மாஸ்டரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அடுத்த தேர்வில் ஏறத்தான் செய்வான். அணிகள் பயிற்சியாளரைத் துரத்துவது பெரும்பாலும் அந்த 40 மார்க் நேரத்தில்தான். அதனால் அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரராகத் தெரிவார்.

நம்மூரில் இதற்கு முன் நடந்தவை

2015-ஐ சென்னை ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்கோ மாட்டராஸி உலகக் கோப்பை வென்ற இத்தாலிய டிஃபெண்டர். ஆனால் பயிற்சியாளராகச் சென்னையின்தான் அவருக்கு முதல் வேலை. 2014-ல் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். லீக்கில் முதலிடம் பிடித்த அணி அரையிறுதியில் பிளாஸ்டர்ஸிடம் வீழ்ந்தது. 2015-ல் 10 ஆட்டம் முடிந்தபோது 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. 10 புள்ளியுடன் பட்டியலின் அடியில் கிடந்தது.

மீதமிருந்த நான்கையும் ஜெயித்தார்கள். கேரளா, டெல்லி, புனே, மும்பை. அடித்தது 12, வாங்கியது 1. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்க, சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20 அன்று ஃபத்தோர்தாவில் இறுதிப்போட்டி. 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்னால் இருந்து, எதிரணி கோல்கீப்பரின் ஓன் கோல், பிறகு மெண்டோசா. 3-2. கோப்பை.

அனுபவமில்லாத பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? ஆனால் அடுத்த ஆண்டு அதே மாட்டராஸியின் கீழ் 14 ஆட்டத்தில் 3 வெற்றி, எட்டில் ஏழாவது இடம். 2015-ல் 13 கோல் போட்ட மெண்டோசா அப்போது அணியில் இல்லை. அவர் போன இடத்தை நிரப்ப முடியவில்லை என்பதை நாங்கள் எக்செல் போட்டுக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை, அன்று மெரினா கேலரியில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காலித் ஜமீலின் கதை இன்னும் கூர்மையானது. ஐ-லீக்கில் 2017-ல் ஐஸ்வால் எஃப்சிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். ஆனாலும் ஐஎஸ்எல்லில் அவருக்குத் தலைமைப் பொறுப்பு உடனே கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் தன் ஸ்பானியப் பயிற்சியாளர் ஜெரார்ட் நுஸை நீக்கியபோது, உதவியாளராக இருந்த ஜமீல் இடைக்காலமாக நிறுத்தப்பட்டார். நுஸின் 11 ஆட்டத்தில் 12 புள்ளி. ஜமீலின் 9 லீக் ஆட்டத்தில் 21 புள்ளி, ஒரு தோல்விகூட இல்லை. அணி மூன்றாவது இடம், அரையிறுதி.

அடுத்த சீசன் நிரந்தரப் பொறுப்பு கொடுத்தார்கள். 20 ஆட்டத்தில் 3 வெற்றி, 14 புள்ளி, பத்தாவது இடம். ஜமீல் ஓராண்டில் தொழிலை மறந்துவிட்டாரா? பின்னாளில் ஜாம்ஷெட்பூரை அரையிறுதிக்குக் கொண்டுபோனதும், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் அதே ஜமீல்தான்.

அப்படியானால் 'மறுகட்டுமானம்' என்பது எது?

ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போடுவது ஒரு வேலை. வீட்டை இடித்துக் கட்டுவது வேறு வேலை. இடைக்காலப் பயிற்சியாளர்கள் செய்வது முதல் வேலை, அதை நன்றாகவே செய்கிறார்கள். இரண்டாவது வேலைக்குத் தேவையான சாவி அவர்கள் கையில் இருப்பதில்லை. யாரை வாங்குவது, யாரை விடுவது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஸ்போர்ட்டிங் டைரக்டர், முதலாளிகள் கையில்.

பிளாஸ்டர்ஸிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2020-21-ல் 20 ஆட்டத்தில் 17 புள்ளி, வாங்கிய கோல் 36, 11 அணிகளில் பத்தாவது இடம். அடுத்த சீசனில் 34 புள்ளி. அப்படியே இரட்டிப்பு. வாங்கிய கோல் 24. இறுதிப்போட்டிவரை போய் ஹைதராபாத்திடம் பெனால்டியில்தான் தோற்றது. வுகோமனோவிச் வந்தது உண்மை. ஆனால் அவர் தனியாக வரவில்லை. கூடவே அட்ரியான் லூனா, ஆல்வரோ வாஸ்க்வெஸ், ஜார்ஜ் பெரேய்ரா டியாஸ், மார்கோ லெஸ்கோவிச் என்று வெளிநாட்டு முதுகெலும்பே மாறியது. சீசனுக்கு முன் பயிற்சி முகாமும் கிடைத்தது.

அந்த 34 புள்ளியோடு புருஷோத்தமனின் 18 புள்ளியை ஒப்பிடுவது நியாயமே இல்லை. ஒருவருக்குக் கோடைகாலம் முழுக்கக் கிடைத்தது. இன்னொருவருக்குக் கிடைத்தது ஆறு நாள். டிசம்பர் 16 திங்கள்கிழமை பொறுப்பு, 22 ஞாயிற்றுக்கிழமை முகமதனுடன் ஆட்டம். அதில் 3-0 ஜெயித்தார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். 2024-25 சீசன் தொடங்கும்போது 13 அணிகளில் இரண்டில் மட்டுமே இந்தியர் தலைமைப் பயிற்சியாளர். ஜாம்ஷெட்பூரில் ஜமீல், ஹைதராபாத்தில் தாங்போய் சிங்டோ. மற்ற இந்தியப் பயிற்சியாளர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் கப்பல் பாதி மூழ்கிய பிறகு, 'இடைக்காலம்' என்ற பெயரில். நன்றாகச் செய்தால் 'துள்ளல்தான், நிலைக்காது' என்போம். சரியாகச் செய்யாவிட்டால் 'அனுபவம் போதாது' என்போம். அந்த அனுபவத்தை எங்கே போய் வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பார்த்து நீங்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த முறை உங்கள் அணி ஆளை மாற்றும்போது

புள்ளிப் பட்டியலை உடனே பார்க்காதீர்கள். வாங்கிய கோலைப் பாருங்கள், அதுதான் முதலில் அசையும். குறைந்தது ஏழெட்டு ஆட்டம் போகட்டும். அதே எதிரணிகளுடன் முந்தைய முடிவு என்ன என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. பிறகு டிரான்ஸ்ஃபர் ஜன்னல் திறக்கும்போது அணி யாரை வாங்குகிறது என்று கவனியுங்கள். அங்கே எதுவும் நடக்கவில்லை என்றால், டக்-அவுட்டில் யார் நின்றாலும் அடுத்த டிசம்பரில் மறுபடி இதே பேச்சுதான்.

2025 மார்ச் 12, ஹைதராபாத். பிளாஸ்டர்ஸுக்கு சீசனின் கடைசி ஆட்டம். எட்டாவது இடத்துக்கும் பன்னிரண்டாவது இடத்துக்கும் நடந்த, யாருக்கும் எதுவும் கிடைக்காத ஆட்டம். ஒரு பக்கம் புருஷோத்தமன். மறுபக்கம், சிங்டோ போன பிறகு ஹைதராபாத்தை இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஷமீல் செம்பகத், அவரும் மலையாளி. 1-1 டிரா. 13 நாள் கழித்து பிளாஸ்டர்ஸ் தன் அடுத்த தலைமைப் பயிற்சியாளரை அறிவித்தது. ஸ்பெயினைச் சேர்ந்த டேவிட் கத்தலா.